கை வச்ச சேர்

9 ஜனவரி 2025, வியாழன்

காத்தாலை டவர் மேல ஏறி கியர் ஆயில் ஃபில்டர் மாத்துனோம். காத்து சுத்தமா இல்ல. இறக்கை செத்த மாதிரி நிக்குது. கூட வேலை பாக்குற ஹக்கீம் அம்புட்டு உசரத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சான். எனக்கும் ரெண்டு சுளை நீட்டுனான். புளிக்குதான்னு கேட்டான். ஆமான்னேன். புளிச்சுச்சா இனிச்சுச்சான்னு எனக்குத் தெரியாது.

கீழ எறங்குனதும் போன். ஜெஸ்லின் மேடம். கேரளப் பக்கம், மலைமேல வண்டன்மேட்டுல ஏலக்கா எஸ்டேட் வச்சிருக்காக. என் வீட்டுக்காரி சிம்ரன்கிட்ட பழைய சேர் ஆறு ரிப்பேருக்குக் குடுத்தவக. "விஜய்ராஜ், இந்த நேரத்துல கேக்கக் கூடாது, கேட்டோ"ன்னு இழுத்தாக. ஈஸ்டருக்கு வேணுமாம். வேலை முடியலன்னாலும் பரவால்ல, இருக்குற மாதிரியே எடுத்துக்கிறோம்னாக. "அப்பச்சனுக்கு அந்தக் கை வச்ச சேர் இல்லன்னா சாப்பாடு எறங்க மாட்டேங்குது. மேஜையில உக்கார மாட்டேன்னு அடம்." அவுக அப்பாவ அப்பச்சன்னுதான் கூப்புடுவாக.

சரி மேடம்னு சொல்லிட்டேன்.

கொல்லையில இருக்குற அவ ஷெட்டத் தொறக்கல.

11 ஜனவரி, சனி

தொறந்தேன். நவம்பர்ல அவ போனதுக்கு அப்பறம் இன்னைக்குத்தான். பூட்டுக்கு எண்ண விட வேண்டியிருந்துச்சு. உள்ள ஸ்பிரிட்டு வாசம், அரக்கு வாசம். அவ வாசம்னு தனியா ஒன்னு இருக்கும்னு நெனச்சேன். இல்ல.

சேர் அஞ்சுதான் இருக்கு. கை வச்ச சேரக் காணோம்.

ஷெட்டுல வேற எங்க வைக்க முடியும்? பரண் இல்ல. பீரோவுக்குப் பின்னாடி கூடப் பாத்தேன், சேர் போயி பீரோ பின்னாடி நிக்கிற மாதிரி.

இந்தச் சேரப் பத்தி எழுதி வைக்கணும். அவ சொன்னது ஒவ்வொன்னா மறக்குது. பாக்க மூங்கில் மாதிரி இருக்கும், மூங்கில் இல்ல. மரத்தக் கடஞ்சு கணு கணுவா எறக்கியிருக்கான். வந்த அன்னைக்கு நான் வெர்னியர் வச்சு அளந்தேன், ஒரு கணு மாதிரி இன்னொரு கணு இல்ல. எல்லாம் கைக்கடசல். மேல கறுப்பு அரக்கு. அதுமேல தங்கக் கலர்ல கோபுரம், பாலம், குடை புடிச்ச ஆளு. சாயுற பலகையில ஒரு நீள வால் பறவை. உக்கார்ற எடம் பிரம்புப் பின்னல்.

"இது சைனாக்காரன் செஞ்சது இல்ல மாமா" ம்பா. "சைனாவக் கண்ணால பாக்காத வெள்ளக்காரன், சைனா இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சு வரஞ்சது. ஷினுவாசெரின்னு பேரு. இந்த ஆளு குடையப் பாரேன், மழைக்கும் ஆகாது வெயிலுக்கும் ஆகாது." சீமையில செஞ்சு, கப்பல்ல கொச்சிக்கு வந்து, மாட்டு வண்டியில மலை ஏறுன சேருன்னு சொல்லுவா. மட்டாஞ்சேரியில பழைய சாமான் கடையில வேலை பாத்தப்பக் கத்துக்கிட்டது எல்லாம்.

அஞ்சு சேரோட பறவையும் முடிஞ்சிருச்சு. கை வச்சதுல மட்டும் பறவைக்கு வால் பாக்கி. "காய்ச்சல் விடட்டும், ஒரு காலையில போட்டுருவேன்"னா.

விடல.

14 ஜனவரி

இந்த வருசம் நமக்குப் பொங்கல் இல்ல. பக்கத்து வீட்டு பாண்டியம்மா சொம்புல கொண்டாந்து வச்சுச்சு. "ஏலே, மூஞ்சிய வெள்ளையடிக்காத சுவரு மாதிரி வச்சுக்கிட்டு இருக்காத. தின்னு. அவளா வந்து ஊட்டப் போறா?"ன்னுச்சு. அம்மா அதட்டுச்சு. அதுக்கு பாண்டியம்மா, "ஏன், நான் சொல்லாட்டி வந்துருவாளா?"ன்னுச்சு.

இந்த ஊர்ல என்கிட்ட சாதாரணமாப் பேசுறது அது ஒன்னுதான்.

19 ஜனவரி, ஞாயிறு

அம்மாகிட்ட கேட்டேன். அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. கத்தியக் கீழ வச்சுச்சு.

"அதுலதான்யா அவள உக்கார வச்சது."

எங்க ஆளுகள்ல அப்பிடித்தான். ஆத்துல இருந்து நீர்மாலை எடுத்தாந்து, சவத்த வாசல்ல உக்கார வச்சுக் குளிப்பாட்டி, பூவும் பொட்டும் வச்சு அலங்காரம் பண்ணுவாக. கை இல்லாத சேர்னா உடம்பு சரிஞ்சிரும். உக்கார வச்ச சேர் திரும்ப வீட்டுக்குள்ள வரக் கூடாது, கூடவே சுடுகாட்டுக்குப் போயிரும். அதனாலதான் பந்தக்காரரு வாடகைச் சேரத் தொட விட மாட்டாரு. எல்லா வீட்லயும் ஒரு பழைய பிளாஸ்டிக் சேர் போகும். எங்க வீட்ல இருந்து இது போயிருக்கு.

"யாரு எடுத்தது?"

அம்மா என்னையே பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்பறம், "நான்தான்யா எடுத்தேன்"னுச்சு.

கத்திட்டேன். அது அடுத்தவக சாமானும்மா, அவ கடேசியாத் தொட்டதும்மா, ஊர்ல வேற சேரே கெடைக்கலயா, புத்தி இல்லயா உனக்கு— என்னென்னமோ. அம்மா மறுபடியும் வெங்காயம் உரிச்சுச்சு.

அன்னைக்கு நடந்தது எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல. பந்தலோட நீலத் துணி மட்டும் தெரியுது. அதுல ஒரு ஓட்டை. அது வழியா வெயில் வட்டமா கீழ விழுந்துச்சு. அந்த வட்டம் கொஞ்சம் கொஞ்சமா நகந்துக்கிட்டே இருந்துச்சு. அம்புட்டுத்தான். மெமரி கார்டு அழிஞ்ச மாதிரி.

21 ஜனவரி

அம்மாகூடப் பேசல. சோறு வச்சுட்டுப் போகுது. தின்னுட்டுப் போறேன்.

29 ஜனவரி, புதன்

ஹக்கீம்கிட்ட சொன்னேன். உத்தமபாளையத்துக்காரன், எதுலயும் ஒரு வழி சொல்லுவான்.

"எங்க ஆளுகள்ல சந்தூக்கு, அதான் பொணத்தத் தூக்கிட்டுப் போற பெட்டி, எல்லாருக்கும் ஒன்னுதான் மாப்ள. பள்ளிவாசல்லயே இருக்கும். போகும், ஆள எறக்கி விட்டுட்டு வரும். பணக்காரனுக்கும் அதான், எனக்கும் அதான். உங்கள மாதிரி ஆளுக்கொரு சேரக் கொண்டுபோயி சுடுகாட்டுல ஃபர்னிச்சர் கடையா வச்சிருக்கோம்?"

சிரிச்சேன்னு நெனைக்கிறேன். அவன் என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திட்டான்.

"போயி வாங்கிட்டு வா. கழுவு. பாலிஷ் போடு. மலைக்கு ஏத்து. அந்தப் பெரியவருக்கு என்ன தெரியப் போகுது?"

அதான் நானும் நெனச்சது. சொல்லாமக் குடுத்துரலாம். ஆறு சேரும் சேந்து போகும். அவ வேலை முடிஞ்ச மாதிரி ஆயிரும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

ஆத்தங்கரைச் சுடுகாட்டுக்குப் போனேன். திராட்சைத் தோட்டத்த ஒட்டுன பாதை. மருந்தடிச்சு ஊரே நாறுது.

தகரக் கொட்டாய்க்குக் கீழ சின்னக்கருப்பண்ணே அந்தச் சேர்லதான் உக்காந்திருந்தாரு. சுடுகாட்டு வேலை எல்லாம் அவருதான் பாக்குறாரு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சாரு.

"வாங்க தம்பி. உக்காருங்க." சொன்னதுக்கு அப்பறம் அவரே நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. "இல்ல, நீங்க உக்காரக் கூடாது. நான் உக்காரலாம். எனக்கு இங்க எல்லாமே ஆகும்."

சேரப் பாத்தேன். மழை அடிச்சு அரக்கு வெள்ளை பூத்திருக்கு. பிரம்பு பிஞ்சு போனதுக்கு மஞ்ச நைலான் கயிறு பின்னியிருக்காரு. பின்னல் சுத்தமா இருக்கு. வலது பக்கக் கை ஆடுது. பறவை இருக்கு. வால் இல்லாம, அவ விட்ட எடத்துலயே இருக்கு.

"மத்த சேரெல்லாம் எங்கண்ணே?"

"பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடை தாங்காது தம்பி, நொறுங்கிப் போகும். இது எரிக்க மனசு வரல. இதுல உக்காந்தா எனக்கே ஜமீன்தார் மாதிரி இருக்கு. என்ன, ஜனங்கதான் எல்லாம் படுத்திருக்காக."

பெறகு மெதுவாச் சொன்னாரு. தை பொறந்ததும் காலனியில ஒரு வீட்ல சேர் இல்ல. வந்து கேட்டாக. இதத்தான் குடுத்து விட்டாராம். முடிஞ்சதும் கூடவே வந்துருச்சு. "வீட்டுக்குள்ளதான் போகக் கூடாது. வாசலுக்குப் போகலாம்ல?"

இது எனக்கு வேணும்னு சொன்னேன்.

"எடுத்துக்கங்க. நான் என்ன பட்டாவா வச்சிருக்கேன்? ஆனா உங்க அம்மா உள்ள விடுமா?"

வண்டியோட வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஏன் அப்பவே தூக்கல? ஒரு ஆளு தூக்குற எடைதான்.

8 பிப்ரவரி

அஞ்சு சேரயும் தூசி தட்டி வெயில்ல வச்சேன். பாண்டியம்மா வேலிக்கு மேல எட்டிப் பாத்துச்சு. "நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கை வச்ச சேரே கெடையாது. பிளாஸ்டிக் ஸ்டூல்தான் கெடக்கு. நான் போறப்ப சரிஞ்சிருவேன், ஆளுக்கொரு பக்கமாப் புடிச்சுக்கங்க."

"நீ எங்க போகப் போற?"ன்னேன். போன வருசத்துக்கு அப்பறம் நான் பேசுன மொத சாதாரணப் பேச்சு இதுதான் போல. அம்மா அடுப்படி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் திரும்புனதும் உள்ள போயிருச்சு.

23 பிப்ரவரி

வேலை. தூக்கம். வேலை.

16 மார்ச், ஞாயிறு

இப்பவே எழுதிர்றேன்.

ஹக்கீமோட லோடு ஆட்டோவ வாங்கிட்டுப் போனேன். சைட் ஒர்க்‌ஷாப்புல எறக்கி அங்கனயே கழுவி, கைய ஒட்டி, ஒரு கோட் அரக்கு அடிச்சு மலைக்கு ஏத்திரலாம்னு கணக்கு. வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன், அம்மாவுக்கும் தெரிய வேணாம், ஜெஸ்லின் மேடத்துக்கும் தெரிய வேணாம்.

சின்னக்கருப்பண்ணே ஒரு பக்கம் புடிச்சாரு, நான் ஒரு பக்கம். ஆட்டோக்கிட்ட வந்ததும் சும்மா இருக்க மாட்டாம, "எங்கம்மா புத்தி கெட்டுப்போயி இத எடுத்துக் குடுத்திருச்சுண்ணே"ன்னேன்.

அவரு அவரு பக்கத்தக் கீழ வச்சுட்டாரு.

"அம்மாவா?"

"ஆமா."

"தம்பி. நீங்கதான தூக்கிட்டு வந்தீக."

அவரு எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டுத்தான் சொல்லிக்கிட்டே போனாரு. "கை வச்ச சேருக்குத் தெரு முழுக்க அலஞ்சாக. பந்தக்காரரு முடியாதுன்னுட்டாரு. நான் வாசல் ஓரம்தான் நின்னேன். நீங்க யாருகிட்டயும் பேசாமக் கொல்லப்பக்கம் போனீக. இதத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தீக. துண்ட எடுத்துத் தொடச்சீக. உங்க அம்மா கூட, ஏய்யா அது அடுத்தவக சேராச்சேய்யான்னு தடுத்துச்சு. 'இது அவ சேரு, இதுலயே உக்காரட்டும்'னீக. பந்தல் ஓட்டை வழியா அந்தப் பிள்ள மூஞ்சில வெயில் விழுகுதுன்னு, சேர நகட்டி நகட்டி வச்சுக்கிட்டே இருந்தீக. எடுக்குற வரைக்கும் நகட்டுனீக. அன்னைக்கு நீங்க பேசுனது அந்த ஒரு பேச்சுத்தான் தம்பி."

வெயில் வட்டம்.

அது நகந்துச்சுன்னு எழுதியிருக்கேன். நான் எதுக்கு அதப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு எழுதல.

சேர் சுடுகாட்டுலயே இருக்கு. வெறும் ஆட்டோவக் கொண்டுபோயி விட்டேன். ஹக்கீம் சாவிய வாங்கி வச்சுக்கிட்டான்.

17 மார்ச்

அம்மாகிட்டப் போயி நின்னேன். எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியல. "நீ எடுக்கலயாம்ல"ன்னேன்.

"யாரு சொன்னா?"

"சின்னக்கருப்பண்ணே."

"அவனுக்கு வாயி நீளம்" னுச்சு. பெறகு, "யாரு எடுத்ததுன்னு நீ கேட்டப்பத்தான், உனக்கு ஒன்னுமே தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். என்னைய வையிறது உனக்கு என்ன புதுசா?"

ரெண்டு மாசமா நான் பேசல. நான் சேரத் தூக்கிட்டு வந்ததத் தெருவே பாத்திருக்கு. ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. பாண்டியம்மா கூட.

அம்மா மடியில படுக்கலாம்னு தோணுச்சு. படுக்கல. தட்டக் கழுவி வச்சேன்.

30 மார்ச், ஞாயிறு

ஜெஸ்லின் மேடத்துக்குப் போன் போட்டேன். எதையும் மறைக்காமச் சொன்னேன்.

பெறகு, "எங்களுக்கு அந்த மாதிரி ஒன்னும் இல்ல விஜய்ராஜ். சேர் என்ன தப்பு செஞ்சது? கழுவிக் கொண்டு வாங்க. அப்பச்சன் அறியண்டா"ன்னாக. அவருக்குத் தெரிய வேணாம்னு.

நான் கேக்கணும்னு ஆசப்பட்டது இதத்தான். வழி கெடச்சிருச்சு. ஆனா வாய் வேற சொல்லுச்சு.

"இல்ல மேடம். அத அவளுக்குக் குடுத்தாச்சு."

"அது எங்க சேரல்லே? நீங்க எப்பிடிக் குடுப்பீக?"

கோவமாச் சொல்லல. நெசமாவே கேட்டாக. அவுக வீட்டுச் சாமான். அவுக தாத்தா காலத்துச் சாமான். எனக்கு என்ன உரிமை? அதே மாதிரி ஒன்னு கடஞ்சு தாரேன் மேடம், என்கிட்ட அளவு இருக்குன்னேன். "பாக்கலாம்"னு வச்சுட்டாக.

நாளைக்கு வந்து கேட்டாகன்னா தூக்கிக் குடுக்கத்தான் வேணும்.

1 ஏப்ரல்

மேடம் கூப்பிடல. சைட்ல போன் அடிக்கிறப்பெல்லாம் ஸ்பேனரக் கீழ வச்சுட்டுப் பேரப் பாக்குறேன். பயப்படுறது எனக்கே தெரியுது. இது புதுசு.

4 ஏப்ரல், வெள்ளி

கூப்பிட்டாக. எடுத்ததும், "அங்கயே இருக்கட்டும்"னாக.

அப்பச்சன்கிட்டக் கேட்டாகளாம். அவருக்கு எல்லாம் மறந்து போகுது, பிள்ளைக பேரே மாறிப் போகுது. சேர எடுத்துட்டுப் போக வந்த பொண்ணு ஞாபகம் இருக்கான்னு கேட்டதுக்கு உடனே தலையாட்டுனாராம். போன வருசம் இவ சேர எடுக்கப் போனப்ப, அவரு எந்திரிக்க மாட்டேன்னு அடம் புடிச்சிருக்காரு. இவ அவரு காலடியில தரையில உக்காந்துக்கிட்டு, அந்தக் குடைக்காரன் கதைய ஏதோ கட்டிச் சொல்லி எழுப்பியிருக்கா. இது எனக்கே தெரியாது. வந்து என்கிட்ட சொல்லியிருப்பா, நான் போன் பாத்துக்கிட்டு ம் கொட்டியிருப்பேன்.

"அந்தச் சேர்ல இப்ப அந்தப் பொண்ணு இருக்குது அப்பச்சா, என்ன செய்யட்டும்"னு மேடம் கேட்டாகளாம்.

"ஆ கொச்சு இருந்நோட்டே"ன்னாராம். அந்தப் பிள்ள உக்காந்திருக்கட்டும்னு.

மேடம் அழுதாக.

12 ஏப்ரல், சனி

அஞ்சு சேரயும் துணி சுத்திக் கட்டி, கம்பம்மெட்டு வழியா மலை ஏத்துனேன். ஹக்கீம் வண்டி ஓட்டுனான். வளைவுக்கு வளைவு, "கட்டு அவுந்துச்சா பாரு, பறவை பறந்துறப் போகுது"ன்னான்.

பெரிய பழைய வீடு. நீள மேஜை. அஞ்சயும் போட்டோம். மேஜை முனையில ஒரு எடம் காலியா நின்னுச்சு. அப்பச்சன் நேரா அங்கதான் நடந்து போனாரு. காத்துல கைய வச்சுத் தடவிப் பாத்தாரு. மேடம் கை இல்லாத சேர் அஞ்சுல ஒன்ன அங்க இழுத்துப் போட்டு, ஒரு பக்கம் அவுக நின்னு, மறுபக்கம் என்னைய நிக்கச் சொன்னாக. உக்காந்தாரு. என் கைய சேர் கை மாதிரிப் புடிச்சுக்கிட்டாரு. கஞ்சி குடிச்சு முடிக்கிற வரைக்கும் விடல.

"கொச்சு எவிடே?"ன்னு கேட்டாரு, அந்தப் பிள்ள எங்கன்னு.

"அங்கனதான் உக்காந்திருக்கா அப்பச்சா"ன்னேன்.

அதே மாதிரி ஒன்னு கடஞ்சு தாரேன்னேன்ல, அத மேடம் வேணாம்னுட்டாக.

17 மே, சனி

அவ தங்கப் பொடி, மெல்லிசு பிரஷ் எல்லாம் எடுத்துக்கிட்டுச் சுடுகாட்டுக்குப் போனேன். வால் போடலாம்னு. டவர் உச்சியில நாசெல்லுல தொங்கிக்கிட்டுக் கண்ண மூடிட்டே போல்ட் மாட்டுற கை. ஒரு கோடு இழுக்க வரல. மத்த அஞ்சுலயும் வால் எப்பிடி வளையுதுன்னு போட்டோ இருக்கு. பாத்தும் வரல. நானும் பாக்காததத்தான் வரையணும்.

விட்டுட்டேன். ஆடுற கையக் கழட்டி ஒட்டி, கிளாம்ப் போட்டேன். பறவை மேல ஒரு கோட் அரக்கு அடிச்சேன், இருக்குறதாவது மழையில போகாம இருக்கட்டும்னு. சின்னக்கருப்பண்ணே, "வால் இல்லாட்டி என்ன, கோழி கூட இப்பிடித்தான் இருக்கு"ன்னாரு.

6 ஜூன்

காத்து வந்துருச்சு. எல்லா மில்லும் ஓடுது. மேல நின்னா டவரே ஆடுது.

22 ஜூன், ஞாயிறு

பாண்டியம்மா போயிருச்சு. காலையில வாசல் தெளிக்கக் காணோமேன்னு அம்மா போயிப் பாத்துச்சு. தூக்கத்துலயே. மகளுக ரெண்டு பேரும் திருப்பூர்ல இருந்து மத்தியானம்தான் வந்து சேந்தாக. ஒருத்தி மாத்தி ஒருத்தி, ஆத்தா என்ன சொல்லுச்சு, கடேசியா என்ன சாப்புட்டுச்சுன்னு என்கிட்டயே கேக்குறாக.

நீர்மாலைக்குக் கெளம்புறப்ப யாரோ, "கை வச்ச சேர் எங்க?"ன்னாக. மூத்த மகள் ஸ்டூலப் பாத்துட்டு ஓன்னு அழுதா. கூட்டத்துல ஒரு பொம்பள சொன்னா: "ஏன், சிம்ரன் சேர் இருக்குல்ல, ஆள விட்டு எடுத்தாரச் சொல்லுங்க."

ஊர்ல அதுக்கு அதான் பேராம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

ஆள விடல. நானே போனேன். சின்னக்கருப்பண்ணே எடுத்துக் குடுத்தாரு. தோள்ல வச்சுக்கிட்டுத் தெரு வழியா வந்தேன். எல்லாரும் ஒதுங்குனாக. எங்க வீட்டுப் படியில அம்மா நின்னுச்சு, என்னையப் பாத்துட்டு வாயில முந்தானைய வச்சுக்கிச்சு.

பாண்டியம்மா வாசல்ல எறக்கி வச்சேன். துண்ட எடுத்துத் தொடச்சேன். உக்கார வச்சாக. சரியல. ரெண்டு கையும் நல்லாப் புடிச்சுக்கிச்சு. பின்னாடி பறவைய அது கொண்டை மறச்சிருச்சு.

இன்னைக்குப் பந்தல் துணியில ஓட்டை இல்ல. ஓரமா வந்த வெயில் அது கால்மேல விழுந்துச்சு. சேரக் கொஞ்சம் நகட்டி வச்சேன்.